சொன்ன சொல்லுக்கு யார் பொறுப்பு? – ஆலோசகர் காப்பீட்டின் கதை



செமஸ்டர் தேர்வு, புராஜக்ட் என்று ஓடியதில் இந்தப் பக்கம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த முறை எழுத எடுத்துக்கொண்ட விஷயம் இன்சூரன்ஸ். உடனே ஓடிவிடாதீர்கள், யாருக்கும் பாலிசி விற்கப் போவதில்லை. இதுவும் வழக்கம்போல ஒரு வரலாற்றுக் கட்டுரைதான். இதில் ஒரு செத்த நத்தை வரும், விரிசல் விட்ட ஒரு புகைபோக்கி வரும், "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று எழுதிக் கொடுத்துத் தப்பித்த ஒரு வங்கியும் வரும்.

எழுதக் காரணம் எங்கள் கல்லூரியில் படித்துப் போன ஒரு சீனியர் அண்ணன். எட்டு வருடம் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை பார்த்தவர், வேலையை விட்டுவிட்டுத் தனியாக கன்சல்டன்ட் ஆகிவிட்டார். லண்டனில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு ஆறு மாத வேலை கிடைத்தது. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: "புரொபஷனல் இண்டெம்னிட்டி பாலிசி வைத்திருக்க வேண்டும்." தொகையோ அவர் வாங்கப் போகும் கட்டணத்தைப் போல் பல மடங்கு. எனக்கு போன் செய்தார்.

"தம்பி, நீதான் பி.காம். படிக்கிறியே, ஒரு சந்தேகம். ஆறு மாச வேலைதானே? ஒரு வருஷத்துக்கு பாலிசி எடுத்துட்டு, அப்புறம் விட்டுட்டா போதும்ல?"

"போதும்ணே. வேலையே முடிஞ்ச பிறகு எதுக்கு பிரீமியம்?" என்று பந்தாவாகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

வைத்த பிறகுதான் உறுத்தியது. எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தெரிந்த மாதிரி பேசிவிட்டேன். அப்புறம் படிக்க ஆரம்பித்தால், சொன்னது தப்பு என்பது மட்டுமல்ல, நான் செய்த அந்தக் காரியம்தான், அதாவது யோசிக்காமல் யோசனை சொல்வதுதான், இந்தக் காப்பீடு பிறக்கவே காரணம் என்று தெரிந்தது. சரி, கொசுவர்த்தியைச் சுற்றுவோம்.

கைக்குத் தண்டனை உண்டு, வாய்க்கு இல்லை

தொழில் தெரிந்தவன் தப்பு செய்தால் என்ன செய்வது என்ற கேள்வி ரொம்பப் பழையது. சுமார் 3,750 வருடங்களுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்தில் வீடு கட்டுபவருக்கு ஒரு விதி இருக்கிறது. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரர் செத்தால் கட்டியவருக்கு மரண தண்டனை. வீட்டுக்காரரின் மகன் செத்தால் கட்டியவரின் மகனுக்கு மரண தண்டனை. இன்சூரன்ஸ் கம்பெனி எதுவும் அந்த ஊரில் கடை போட்டிருக்க முடியாது!

இங்கிலாந்தில் 1374-ல் ஒரு வழக்கு. கை காயத்துக்கு வைத்தியம் பார்த்த அறுவை மருத்துவர் மீது நோயாளி வழக்குப் போட்டார். மனுவில் இருந்த ஒரு குறையால் வழக்கு தள்ளுபடியானது. ஆனால் நீதிபதி ஜான் கேவண்டிஷ் ஒரு கருத்தைச் சொன்னார். மருத்துவர் தன்னால் இயன்றதைக் கவனமாகச் செய்திருந்தால், நோய் குணமாகாமல் போனதற்கு அவர் பொறுப்பல்ல. அசட்டையாக இருந்தால் பொறுப்பு. இன்றைக்கும் பல நாட்டு நீதிமன்றங்கள் ஏறத்தாழ இதைத்தான் சொல்கின்றன. குணமாக்குகிறேன் என்பது வாக்குறுதி அல்ல, கவனமாக இருப்பேன் என்பதுதான் வாக்குறுதி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதிலெல்லாம் ஓர் ஒற்றுமை உண்டு. தப்பு செய்தது கை. சுவர் விழுந்தது, காயம் ஆறவில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய சேதம். வெறும் வாயால் ஒரு தகவலைச் சொல்லி, அதை நம்பிய ஒருவர் பணத்தை இழந்தால்? அங்கேதான் சட்டம் பல நூறு வருடங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. இருவருக்கும் இடையே ஒப்பந்தம் இருந்தால் சரி. இல்லையென்றால், வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நிரூபிக்க வேண்டும்.

1889-ல் ஒரு டிராம் கம்பெனி வழக்கில் இது உறுதியானது. பிளிமத் நகரில் நீராவி டிராம் ஓட்ட உரிமை இருக்கிறது என்று கம்பெனி இயக்குநர்கள் அறிக்கை வெளியிட்டுப் பங்கு விற்றார்கள். பிறகு அரசுத் துறை நீராவிக்கு அனுமதி தர மறுத்துவிட்டது. பணம் போனவர் வழக்குப் போட்டார். பிரபுக்கள் சபை (அன்று அதுதான் அவர்களின் உச்ச நீதிமன்றம்) என்ன சொன்னது? அனுமதி கிடைக்கும் என்று இயக்குநர்கள் நம்பித்தான் சொன்னார்கள், எனவே மோசடி அல்ல, எனவே பொறுப்பும் இல்லை. மறு வருடமே பாராளுமன்றம் இயக்குநர்களுக்கு மட்டும் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. மற்றவர்கள், அதாவது கணக்காளர், மதிப்பீட்டாளர், ஆலோசகர் எல்லாம் தப்பித்தார்கள்.

ஒரு நத்தை, இரண்டு கணக்காளர்கள்

1931-ல் நியூயார்க்கில் ஒரு வழக்கு. ரப்பர் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியின் கணக்கை ஆடிட்டர்கள் தணிக்கை செய்து சான்றிதழ் கொடுத்தார்கள். கடன் வாங்கக் காட்டுவதற்காக 32 பிரதிகள்! கம்பெனிக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் சொத்து இருப்பதாக அதில் இருந்தது. உண்மையில் கம்பெனி திவால் நிலையில் இருந்தது. சான்றிதழை நம்பிக் கடன் கொடுத்த நிறுவனம் வழக்குப் போட்டது. கவனக்குறைவுக்காக ஆடிட்டரைப் பிடிக்க முடியாது என்றார் புகழ்பெற்ற நீதிபதி கார்டோசோ. அவருடைய கவலை நியாயமானது. ஓர் அறிக்கை யார் யார் கைக்குப் போகும், எவ்வளவு பணம் அதை நம்பிப் போடப்படும், எத்தனை வருடம் கழித்து வந்து கேட்பார்கள் என்று எழுதியவருக்கே தெரியாது. அத்தனைக்கும் அவரே பொறுப்பு என்றால் யார் இந்தத் தொழிலுக்கு வருவார்கள்?

அடுத்த வருடம், 1932-ல், சட்டம் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த நத்தை வந்தது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண்மணி 1928-ல் இஞ்சி பீர் குடித்தார். பாட்டிலில் அழுகிய நத்தை இருந்ததாகவும் அதனால் உடல்நிலை கெட்டதாகவும் வழக்கு. பாட்டிலை வாங்கிக் கொடுத்தது அவர் தோழி. ஆக அவருக்கும் கடைக்கும் ஒப்பந்தம் இல்லை, தயாரிப்பாளருக்கும் அவருக்கும் ஒப்பந்தம் இல்லை. இருந்தாலும் நம் செயலால் யார் பாதிக்கப்படுவார்கள் என்று எதிர்பார்க்க முடிகிறதோ, அவர்கள் விஷயத்தில் நாம் கவனமாக இருக்கக் கடமைப்பட்டவர்கள் என்று 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. பொருளுக்கு இந்த விதி வந்துவிட்டது. சொல்லுக்கு?

1951-ல் அந்தக் கேள்வி வந்தது. கார்ன்வால் பகுதித் தகரச் சுரங்கம் ஒன்றில் 2,000 பவுண்டு போட நினைத்த ஒருவரிடம், அந்தக் கம்பெனியின் கணக்காளர் அலுவலகம் கணக்கைத் தயாரித்துக் காட்டியது. கணக்கு தவறு, பணம் போனது. மூன்று நீதிபதிகளில் இருவர் "ஒப்பந்தம் இல்லை, பொறுப்பு இல்லை" என்றார்கள். மூன்றாமவர் டென்னிங் மட்டும் மாறுபட்டார். யாரிடம் காட்டப் போகிறோம், எதற்காகக் காட்டுகிறோம் என்று தெரிந்துதானே கணக்கு எழுதினார்கள், அப்புறம் எப்படிப் பொறுப்பில்லாமல் போகும் என்பது அவர் கட்சி. அன்று அவர் தோற்றார். 12 வருடம் கழித்து வரலாறு அவர் பக்கம் வந்தது.

தோற்றவர்கள் ஜெயித்த வழக்கு

லண்டனில் ஹெட்லி பைர்ன் என்று ஒரு விளம்பர ஏஜென்சி. ஈசிபவர் என்ற வாடிக்கையாளருக்காகத் தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் விளம்பரத்துக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்கள். ஈசிபவர் பணம் தராவிட்டால் ஏஜென்சிதான் கட்ட வேண்டும். எனவே 1958-ல் தங்கள் வங்கி மூலமாக ஈசிபவரின் வங்கியான ஹெல்லரிடம் "இவர்களை நம்பலாமா?" என்று விசாரித்தார்கள். ஹெல்லர் காசு வாங்காமல் பதில் அனுப்பியது. சாதாரணக் கொடுக்கல் வாங்கலுக்கு நல்ல கம்பெனிதான் என்ற மாதிரி ஒரு பதில். கூடவே, இந்தத் தகவலுக்கு நாங்கள் பொறுப்பேற்கவில்லை என்று ஒரு வரி.

பதிவுகளின் கடைசியில் "டிஸ்கி" என்று போடுவோமே, அதுதான்!

ஈசிபவர் மூழ்கியது. ஏஜென்சிக்கு 17,000 பவுண்டுக்கு மேல் நஷ்டம். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1963 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஏஜென்சி தோற்றது. காரணம் அந்த டிஸ்கி. பொறுப்பில்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டவரைப் பிடிக்க முடியாது.

ஆனால் ஐந்து நீதிபதிகளும் சேர்ந்து இன்னொன்றும் சொன்னார்கள். அந்த வரி இல்லாவிட்டால் கதை வேறாக இருக்கும். தனித்திறமை உள்ள ஒருவர், இன்னொருவர் தன்னை நம்பித்தான் முடிவெடுக்கப் போகிறார் என்று தெரிந்தே யோசனை சொன்னால், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், காசு வாங்காவிட்டாலும், கவனமாகச் சொல்லக் கடமைப்பட்டவர். 1889-லிருந்து இருந்த வேலி அன்று விழுந்தது.

அதன் பிறகு வந்த தீர்ப்புகள் எல்லையைத் தேடின. 1990-ல் ஒரு வழக்கில், பொதுவாக வெளியிடும் ஆடிட் அறிக்கையைப் பார்த்துப் பங்கு வாங்கிய எல்லோருக்கும் ஆடிட்டர் பொறுப்பல்ல என்று கொஞ்சம் பிரேக் போட்டார்கள். 1996-ல் சொத்து மதிப்பீட்டாளர்கள் வழக்கில் நீதிபதி ஹாஃப்மன் ஓர் உதாரணம் சொன்னார். மலையேறுபவர் ஒருவர் டாக்டரிடம் முழங்காலைக் காட்டுகிறார். டாக்டர் சரியாகப் பார்க்காமல் "நன்றாக இருக்கிறது" என்கிறார். அதை நம்பி மலையேறப் போகிறவருக்கு அடிபடுகிறது, ஆனால் முழங்காலுக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்தால். டாக்டர் சரியாகச் சொல்லியிருந்தால் அவர் மலைக்கே போயிருக்க மாட்டார் என்பது உண்மைதான். ஆனாலும் டாக்டர் பொறுப்பல்ல. சொன்ன தகவல் தப்பாக இருந்ததால் வந்த நஷ்டம் மட்டும்தான் அவர் கணக்கில் சேரும். எனக்கு இந்த உதாரணம் ரொம்பப் பிடித்துவிட்டது.

குடை வந்த கதை

மழை வந்தால் குடை விற்பவரும் வருவார். ஆனால் முதல் குடையைக் கம்பெனிகள் விற்கவில்லை, தொழில் செய்பவர்கள் தாங்களே சேர்ந்து தைத்துக்கொண்டார்கள். 1884-ல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் செய்யாத குற்றத்துக்காகச் சிறைக்குப் போய், மாதக்கணக்கில் உள்ளே இருந்து, பிறகு மன்னிக்கப்பட்டு வெளியே வந்தார். தனி ஆளாக வழக்கை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று மற்ற மருத்துவர்களுக்கு உறைத்தது. 1885-ல் மெடிக்கல் டிஃபென்ஸ் யூனியன் தொடங்கியது. எல்லோரும் சந்தா கட்டுவோம், யாருக்கு வழக்கு வந்தாலும் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாடு. நம்ம ஊர் சீட்டு மாதிரி என்று சொல்லலாம், ஆனால் சீட்டை எடுப்பவர் வருத்தப்பட்டுக்கொண்டே எடுப்பார்!

1963-க்குப் பிறகு இந்தத் தேவை மருத்துவரோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் 1976 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து சொலிசிட்டர் எனப்படும் வக்கீல்களுக்குப் பொறுப்புக் காப்பீடு கட்டாயமானது. ஏன் கட்டாயம் என்று யோசித்தால் ஒரு விஷயம் புரியும். பாலிசி வாங்குவது வக்கீல். ஆனால் காப்பாற்றப்படுவது அவர் மட்டுமல்ல, அவரிடம் போன கட்சிக்காரரும்தான். நஷ்டஈடு கொடு என்று தீர்ப்பு வந்து, கொடுக்க வேண்டியவரிடம் காசே இல்லையென்றால் அந்தத் தீர்ப்பை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். நம்ம சீனியரிடம் லண்டன் கம்பெனி பாலிசி கேட்பதும் அவர் மேல் உள்ள பாசத்தால் அல்ல.

அடுத்ததாக, இந்த வகை பாலிசி வேலை செய்யும் விதம். நான் சறுக்கிய இடம் இதுதான்.

கார் இன்சூரன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த நாளில் பாலிசி இருந்ததா என்பதுதான் கேள்வி. ஆலோசகர் பாலிசி பெரும்பாலும் அப்படி இல்லை. தப்பு நடந்த நாள் அல்ல, நஷ்டஈடு கேட்டு ஒருவர் உங்கள் மேல் பாய்கிற நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். காரணம், தப்பான யோசனை எந்த நாளில் சேதம் செய்தது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். இன்று விற்ற பாலிசிக்கு 10 வருடம் கழித்து கிளெயிம் வரும் என்றால் என்ன பிரீமியம் போடுவது என்று கம்பெனிக்கும் தெரியாது. 1970-களின் நடுவில் அமெரிக்காவில் மருத்துவர் காப்பீட்டில் இதே பிரச்சினை வெடித்தது. பிரீமியம் தாறுமாறாக ஏறியது, கம்பெனிகள் கடையைக் கட்டின, அங்கேயும் பாலிசிகள் இந்த முறைக்கு மாறின.

ஆக, பாலிசியை விட்ட மறுநாள் கிளெயிம் வந்தால், தப்பு பாலிசி இருந்த காலத்தில் நடந்திருந்தாலும், ஒரு பைசா வராது. தொழிலை நிறுத்திய பிறகும் சில வருடங்களுக்கு "ரன்-ஆஃப்" என்ற பெயரில் தொடர்ந்து காப்பீடு வைத்திருக்கும் வழக்கம் இதனால்தான் வந்தது.

"போதும்ணே" என்று சொன்னவனுக்கு இதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும்!

எட்டு வருடம் காத்திருந்த விரிசல்

தப்பு தெரியவர அவ்வளவு காலம் ஆகுமா? ஆகும். 1969-ல் இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலைக்கு சுமார் 160 அடி உயரப் புகைபோக்கி ஒன்றை ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனம் வடிவமைத்தது. உட்பூச்சுக்குத் தேர்ந்தெடுத்த பொருள் சரியில்லை. 1970-லேயே உச்சியில் விரிசல் விழுந்துவிட்டது. ஆனால் 160 அடி உயரத்தில் யார் பார்ப்பது? 1977-ல்தான் கண்டுபிடித்தார்கள். 1978-ல் வழக்கு. 1982 டிசம்பரில் பிரபுக்கள் சபை, விரிசல் விழுந்த நாளிலிருந்தே காலக்கெடு ஓட ஆரம்பித்துவிட்டது, எனவே வழக்கு காலாவதி என்றது. தெரியாத விரிசலுக்கு எப்படி வழக்குப் போடுவது? அநியாயம் என்று நீதிபதிகளுக்கே பட்டது. 1986-ல் புதுச் சட்டம் வந்தது. இப்படிப்பட்ட கவனக்குறைவு வழக்குகளில், சேதம் தெரியவந்ததிலிருந்து 3 வருடம் வரை வழக்குப் போடலாம், ஆனால் தப்பு நடந்து 15 வருடம் தாண்டக் கூடாது. சாதாரண ஒப்பந்த மீறலுக்கே அங்கே 6 வருடக் கெடு.

ஆறு மாத வேலை, ஆறு வருட வால்!

எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்

1374-ல் கேவண்டிஷ் சொன்னது நினைவிருக்கிறதா? கவனமாக இருப்பேன் என்பதுதான் வாக்குறுதி. இதை மீறி வாக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1975-ல் ஒரு வழக்கு. எண்ணெய் டிரம்களை வைக்க ஒரு கிடங்கு. மாடித் தளத்தில் டிரம்களைத் தூக்கிக்கொண்டு வண்டிகள் ஓடும் என்று சொல்லித்தான் கட்டமைப்புப் பொறியாளர்களிடம் வடிவமைப்பைக் கொடுத்தார்கள். வண்டிகள் ஓடிய அதிர்வில் தளம் விரிசல் விட்டது. இந்த வழக்கின் சூழ்நிலையில், தளம் அந்த வேலைக்குத் தாங்கும் என்றே பொறியாளர்கள் உறுதி அளித்ததாகத்தான் அர்த்தம் என்றது நீதிமன்றம். தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவர் நம்ம பழைய டென்னிங்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆலோசகர் பாலிசிகள் பொதுவாகக் கவனக்குறைவுக்குத்தான் காப்பு தரும். "இது கண்டிப்பாக வேலை செய்யும்" என்று ஒப்பந்தத்தில் நீங்களாக வாக்குக் கொடுத்தால், அந்த வாக்குக்குப் பெரும்பாலும் காப்பு கிடையாது. பி.காம். நண்பர்களுக்கு 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 124 தெரியும். ஒருவருக்கு வரும் நஷ்டத்தை நான் ஈடுகட்டுகிறேன் என்று வாக்களிப்பதுதான் இண்டெம்னிட்டி. பல கன்சல்டன்ட் ஒப்பந்தங்களில் இரண்டு ஷரத்து இருக்கும். ஒன்று, உனக்கு வரும் எல்லா நஷ்டத்தையும் நான் ஈடுகட்டுவேன். இன்னொன்று, நான் பாலிசி வைத்திருப்பேன். இரண்டாவது முதலாவதை முழுசாக மூடிவிடும் என்று நினைத்தால் தொலைந்தோம். நடுவில் உள்ள இடைவெளிக்குப் பொறுப்பு நம்ம வீடு, நம்ம நகை.

கம்ப்யூட்டர் மக்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. செயின்ட் ஆல்பன்ஸ் உள்ளாட்சி மன்றம் தலைவரி வசூலிக்க ஐ.சி.எல். நிறுவனத்தின் மென்பொருளை வாங்கியது. அதில் இருந்த பிழையால் மக்கள் தொகை 2,966 பேர் அதிகமாகக் கணக்கானது. தலை கூடினால் தலைக்கு வரி குறையும். வரியைக் குறைவாக நிர்ணயித்து மன்றம் பெரிய நஷ்டம் அடைந்தது. ஒப்பந்தத்தில் எங்கள் பொறுப்பு 1 லட்சம் பவுண்டுக்கு மேல் போகாது என்று இருந்தது. அந்த வரம்பு நியாயமற்றது, செல்லாது என்று 1994-ல் தீர்ப்பு. காரணங்களில் ஒன்று, ஐ.சி.எல்.லிடம் 5 கோடி பவுண்டுக்குக் காப்பீடு இருந்தது! 1996-ல் மேல்முறையீட்டில் தொகை குறைந்தது, ஆனால் வரம்பு செல்லாது என்பது நின்றது. பொறுப்பு இருந்ததால் காப்பீடு வந்தது என்று இதுவரை பார்த்தோம். இங்கே காப்பீடு இருப்பதே பொறுப்பைக் கூட்டிவிட்டது.

குடையை மடக்கிய பிறகு

படித்ததிலேயே என்னை ரொம்ப யோசிக்க வைத்தது 2001-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு. ஒரு வீட்டு மதிப்பீட்டு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒருவர் 1992-ல் ஒரு வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுத்தார். வீட்டில் இருந்த குறை அறிக்கையில் வரவில்லை. அதை நம்பி வீடு வாங்கியவருக்கு நஷ்டம். இதற்கிடையில் 1994-ல் நிறுவனத்தின் முதலாளி திவாலானார். திவால் சொத்தை நிர்வகித்தவர் நிறுவனத்தின் காப்பீட்டை ரத்து செய்துவிட்டார். ரன்-ஆஃப் எதுவும் எடுக்கவில்லை.

முதலாளியிடம் காசில்லை, பாலிசியும் இல்லை. வீடு வாங்கியவர் நேராக அந்த ஊழியர் மேல் வழக்குப் போட்டார். மூன்று நீதிபதிகளில் இருவர், அறிக்கையைத் தயாரித்துக் கையெழுத்துப் போட்டவர் அவர், அவர் திறமையை நம்பித்தான் வீடு வாங்கப்பட்டது, எனவே அவரே பொறுப்பு என்றார்கள். சட்டப்படி 1963-ன் நேர் வாரிசு இந்தத் தீர்ப்பு. ஆனால் அந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். தப்பு செய்தார், அது உண்மை. பாலிசி எடுப்பதும் விடுவதும் அவர் கையிலேயே இல்லை. தப்பு நடந்தபோது குடை இருந்தது, மழை வந்தபோது யாரோ மடக்கி வைத்துவிட்டார்கள். சம்பளக்காரருக்கே இந்தக் கதி என்றால், முதலாளியும் ஊழியரும் தானே ஆன ஃப்ரீலான்ஸ் ஆசாமிக்கு? குடையைப் பிடிக்க வேறு கையே கிடையாது.

நம்ம ஊரில்

இந்தியாவில் இந்தப் பேச்சு பெரிதாகக் கிளம்பியது 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகுதான். டாக்டரிடம் வைத்தியம் பார்ப்பது அந்தச் சட்டத்தின்படி "சேவை"யா என்பது கேள்வி. 1994-ல் நம் சென்னை உயர் நீதிமன்றம் இல்லை என்றது. 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் சேவைதான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்றது. டாக்டர்களிடம் பி.ஐ. பாலிசி சகஜமான பேச்சானது. அதே உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் வக்கீல்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. டாக்டர் உள்ளே, வக்கீல் வெளியே! இது சரியா என்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் சீனியர் போன்றவர்களுக்கு இந்த நுகர்வோர் மன்றக் கதை பெரும்பாலும் பொருந்தாது. அவர்களுக்கு ஒப்பந்தமும் சிவில் கோர்ட்டும்தான். நம் ஊரில் ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட 3 வருடம் என்கிறது காலவரையறைச் சட்டம். அந்தச் சட்டம் வந்த வருடமும் 1963 என்பது தற்செயல்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சீனியருக்கு போன் செய்தேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. வேலை முடிஞ்சதும் பாலிசியை விட்றாதீங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். வேலை முடிந்த பிறகு எத்தனை வருடம் பாலிசியைத் தொடர வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்த பிரீமியத்தையும் சேர்த்துக் கட்டணம் கேட்கச் சொன்னேன். லண்டனில் வழக்குப் போட்டாலும் பாலிசி செல்லுமா என்று கேட்டு வாங்கச் சொன்னேன். எல்லா நஷ்டத்துக்கும் பொறுப்பு என்ற ஷரத்தை, என் கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கு மட்டும், இவ்வளவு தொகை வரைக்கும் என்று மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்றேன். கடைசியாக, இதையெல்லாம் என்னை நம்பிச் செய்யாமல் விஷயம் தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சிரித்தார். "நல்லவேளைடா, இன்னும் கையெழுத்துப் போடல. ஆனா அன்னைக்கு நீ அவ்வளவு உறுதியா சொன்னியே!"

அதுதான் நண்பர்களே. உறுதியாகச் சொல்வது சுலபம். நாளைக்கு நம்மில் பாதிப் பேர் ஆடிட்டராகவோ, கன்சல்டன்டாகவோ, பொறியாளராகவோ சொல்லுக்குக் காசு வாங்கத்தான் போகிறோம். கேட்கிறவர் நம்மை நம்பி ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போடப் போகிறார் என்ற நினைப்பு அப்போது இருந்தால் போதும். தெரியாததற்கு "தெரியாது" என்று சொல்ல பிரீமியம் எதுவும் கிடையாது.

டிஸ்கி: இந்தக் கட்டுரையை மட்டும் நம்பி யாரும் பாலிசி எடுக்கவோ விடவோ வேண்டாம். இது பொறுப்பு ஏற்காமல் எழுதப்பட்டது. 1963-ல் அந்த வங்கியைக் காப்பாற்றிய வரி என்னையும் காப்பாற்றட்டும்!